"நீங்கள் பார்த்தீர்களா, சார்?"

என்னிடம் விமானம் ஓட்டப் பழகும் மாணவன் கேட்டான். "இல்லை" என்றேன். ஏழு மாதம் ஆகிறது. அந்த "இல்லை" பொய்தானா என்று எனக்கே இன்னும் தெளிவாகவில்லை.

அன்றைய முன்பரிசோதனையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இறக்கைத் தொட்டியின் அடியிலிருந்து குப்பியில் எரிபொருள் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். நல்ல நீலம், அடியில் தண்ணீர் இல்லை. மானியை நம்பாமல் குச்சி விட்டும் அளந்தான். இறக்கையின் பின்பக்கம் மடங்கும் பகுதியான ஃபிளாப்பின் விளிம்பில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து ஏறினான். (புது மாணவர்களை அந்த விளிம்பு நெற்றியில் போட்ட கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.) செஸ்னா 152 என்ற அந்தச் சின்னப் பயிற்சி விமானத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் தோள் உரசும். குள்ளமான பையன், முதுகுக்கு ஒரு மெத்தை வேறு. "சீட், பெல்ட், சரிசெய்து பூட்டியாயிற்று" என்று உரக்கச் சொன்னான். சொன்ன நேரத்தில் அது உண்மை.

பிறகுதான் பென்சில் விழுந்தது. இருக்கைக்கு அடியிலிருக்கும் லிவரைத் தூக்கி, நாலு விரற்கடை பின்னால் போய், பென்சிலை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். தரையிலுள்ள தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். இருக்கையின் ஊசி அவற்றில் ஒன்றில் 'டக்'கென்று இறங்க வேண்டும். இறங்கியதா என்று இடுப்பால் முன்னும் பின்னும் ஒருமுறை உலுக்கிப் பார்ப்பது வழக்கம். அவன் உலுக்கவில்லை. லிவர் கொஞ்சம் தூக்கினாற்போல் நின்றது. இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் என் நினைவு சொல்கிறது.

எஞ்சினைக் கிளப்பினோம். நிமிடத்துக்கு 1,700 சுழற்சியில், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னட்டோவும் ஒழுங்காக இருந்தன. ஓடுதளத்தில் நின்று முழு விசை கொடுத்தான். வேகம் 50 நாட் (knot) ஆனதும் மூக்குச் சக்கரத்தைத் தூக்க வேண்டும். முள் 35-ஐத் தாண்டியதும் பக்கத்தில் இருந்தவன் காணாமல் போனான். இருக்கையோடு பின்னால் போய்விட்டான். கால் பெடலை விட்டது, வலக்கை எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை விட்டது, இடக்கையில் மூக்கை ஏற்றி இறக்கும் யோக் மட்டும் இருந்தது. படியில் வழுக்கியவன் கைப்பிடியைப் பற்றுவது போல அதை இழுத்துப் பிடித்தான். மூக்கு எழும்பத் தொடங்கியது. நான் த்ராட்டிலை மூடி, யோக்கை முன்னால் தள்ளி, பெடலை மிதித்து நிறுத்தினேன். ஓடுதளத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இன்ஜினியர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, துளைகள் தேயவில்லை, ஊசியும் நன்றாக இருக்கிறது என்றார். இந்த வகை இருக்கைகள் நழுவுவதால், தண்டவாளத்தை 100 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை ஆராய வேண்டும் என்று 1987-லேயே அமெரிக்காவில் உத்தரவு வந்துவிட்டது. அதெல்லாம் ஒழுங்காகவே நடந்திருந்தது. "மாணவர் இருக்கையை மறுபடி பூட்டிச் சரிபார்க்கவில்லை" என்று அறிக்கை எழுதினேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

எனக்கும் நியாயம் உண்டு. அவன் தனியாகப் பறக்க இன்னும் இரண்டு பாடங்களே பாக்கி. ஒவ்வொன்றுக்கும் நான் வாய் திறந்தால், தனியே போகும் நாளில் என் குரலுக்காகக் காத்திருப்பான். 'நான் இல்லை என்று நினைத்துக்கொள்' என்று எல்லா மாணவர்களிடமும் சொல்பவன் நான். ஓடுதளத்துக்குள் நுழையும் முன் தானே கவனிப்பான் என்று விட்டுவைத்தேன். கவனித்திருந்தால் அது வாழ்நாளுக்கும் மறக்காத பாடம். இப்படித்தான் முதல் சில வாரங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த நியாயத்தோடு ஒத்துப்போகாதது என் கைதான். மாணவனைச் சோதிக்க நினைக்கும் பயிற்றுநரின் கை யோக்குக்குப் பக்கத்தில் காத்திருக்கும். அன்று என் கை தொடைமேல் வைத்த தாளில் நேரம் குறித்துக்கொண்டிருந்தது. பேனாவை எறிந்துவிட்டுத்தான் த்ராட்டிலைப் பிடித்தேன். அன்றைக்கு அது நாலாவது பாடம், சாப்பிடவும் இல்லை. அப்படியானால் நான் சோதிக்கவே இல்லை. கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை. சோதித்தேன் என்பது பிறகு நான் கட்டிக்கொண்ட கதை. அப்போது அவனிடம் சொன்ன "இல்லை" ஏறக்குறைய உண்மை. ஆனால் சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்று நினைத்தல்லவா சொன்னேன்?

முதல் வகுப்பில் எல்லோருக்கும் 1935 அக்டோபர் 30 கதையைச் சொல்வேன். ஓஹியோவில் போயிங் மாடல் 299, வால்பகுதியின் அசையும் பாகங்களுக்குப் போட்ட பூட்டு எடுக்கப்படாமலே மேலெழும்பி விழுந்தது. விமானிகள் செக்லிஸ்ட் கையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வேரூன்றியது. ராணுவ விமானப் பிரிவின் சோதனைப் பறப்புத் தலைவரும் போயிங்கின் தலைமைச் சோதனை விமானியும் உள்ளே இருந்தார்கள், இருவருமே பிழைக்கவில்லை. மறதியைப் பற்றிய கதையாகவே இத்தனை வருடம் சொல்லி வந்தேன். பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்ற தைரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாளும் அவனோடுதான் பாடம். இருக்கையை இரண்டு முறை உலுக்கினான். "உங்களுடையது, சார்?" என்றான். உலுக்கிக் காட்டினேன். "சரி, சார்" என்றவன் செக்லிஸ்ட்டை மடியில் வைத்துவிட்டு, குனிந்து, என் இருக்கையின் லிவரைத் தானே தொட்டுப் பார்த்தான்.