வயசு மட்டும் காசுக்கு விலை தராது

நான் பழைய காசு சேர்க்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இது எத்தனை வருஷத்துப் பழசு, எவ்வளவு போகும்?" போன மாதம் அத்தை ஒரு துணி முடிச்சு நிறைய ஓட்டைக் காலணா கொண்டுவந்து கொடுத்தார். "வெள்ளைக்காரன் காலத்துதுப்பா, நல்ல விலை வரும்ல?"

வராது அத்தை. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை வந்தது. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு, கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். இன்றைக்கும் பாதி வீடுகளில் பெட்டியைத் திறந்தால் இரண்டு கிடக்கும்.

இதைவிட ஆச்சரியம் ராஜராஜன் காசு. ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் அவன் பெயர். ஆயிரம் வருடம் தாண்டிய செப்புக்காசு, சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது! அவ்வளவு புழங்கியிருக்கிறது, அவ்வளவு மிஞ்சியிருக்கிறது. அதே செம்பில், சின்னச் சதுரமாக, தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று எழுதிய சங்ககாலப் பாண்டியர் காசு ஒன்று உண்டு. அது விலைக்கு வந்தால் போட்டியே வேறு. கிடைப்பது குறைவு என்பது ஒரு காரணம். சங்கப் பாட்டில் படித்த வழுதி என்ற பெயரை உலோகத்தில் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதிகம் என்பது இன்னொன்று. அரிதாக இருந்து, யாருமே தேடாத காசுக்கு விலை ஏறவே ஏறாது.

எனக்கு மிகவும் பிடித்தது 1911 ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் போட்டிருக்கும் அங்கியில் ஒரு சின்ன யானை இருக்கும். செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக விட்டுவிட்டதால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது. அரசாங்கம் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கிவிட்டு, 1912-இல் தும்பிக்கையை நீட்டிப் புது அச்சு போட்டது. இன்றும் இதைப் 'பன்றி ரூபாய்' என்றுதான் கேட்டு வாங்குகிறோம். ஆனாலும் உருக்குவதற்கு முன்பே கணிசமாக வெளியே போய்விட்டதால், ஓரளவு நல்ல காசு சில ஆயிரங்களில் கிடைக்கிறது. 1939 தேதி போட்ட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் அப்படியில்லை. அடுத்த வருடமே ரூபாயின் வெள்ளியை 91.7 சதவீதத்திலிருந்து பாதியாகக் குறைத்தார்கள். 1939 காசில் மிஞ்சியது மிகமிகக் கொஞ்சம். அதனாலேயே 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கும் வேலையும் நடக்கிறது. யாராவது நீட்டினால் கடைசி எண்ணைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள், காசே போலியாக இருக்கலாம் என்பதால் 11.66 கிராம் எடை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், நிலைமை. ஒரே வருடம், ஒரே நாணயச்சாலையில் அடித்த இரண்டு காசில் ஒன்று இன்னொன்றைப்போலப் பத்து மடங்கு போகும். கை படாத காசில் தாடி மயிர், கிரீடத்துக் கல் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மேடான இடம்தான் முதலில் தேயும். இதில் எனக்கு மனசு வலிக்கிற விஷயம், வீட்டில் செய்யும் 'சுத்தம்'. பித்தளைச் செம்பு தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருகிறார்கள். நூறு வருடமாக மேலே படிந்த அந்த நிறம்தான் காசின் தோல். அதை உரித்த பிறகு கீறல்தான் மிச்சம். வாங்குகிறவர் சாய்த்துப் பிடித்துப் பார்த்ததுமே விலையைப் பாதிக்குக் கீழே கொண்டுபோய்விடுவார். தயவுசெய்து தேய்க்காதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், தனித்தனிக் காகித உறையில் போட்டு வையுங்கள், போதும்.

வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பிப் பணம் இழந்தவர்கள் இருக்கிறார்கள். 'முன்பணம் கட்டுங்கள், கமிஷன் கட்டுங்கள்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1818-இல் வெளியிட்டதாகச் சொல்லும் ராமர், அனுமார் காசுகளும் அப்படியே. கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை.

அத்தை முடிச்சில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் வீட்டுச் சில்லறையில் 1911 தேதி போட்ட வெண்கலக் காசு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தப் பன்றி ரூபாயில் மட்டுமில்லை, அந்த வருடத்துக் காலணாவிலும் பன்றிபோலத் தெரியும் அந்த யானை இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமலே விற்றுவிடுகிறார்கள்.