பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி: பதினாலு மாதம், 9,500 கிலோமீட்டர்

1,62,400 கி.மீ., வாங்கிய நாள்

வண்டி 1994ல் செய்தது. பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர், முன்னும் பின்னும் கட்டியான ஆக்சில், நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். அடியில் ஏணி மாதிரி ஒரு சேசிஸ், அதன்மேல் தகடு பாடி. எனக்கு முன்னால் மூன்று பேர் வைத்திருந்தார்கள். விற்றவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, புதிதாக அடித்த பெயின்ட்டைக் கையால் தடவிக் காண்பித்தார். அதற்குள் நான் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டேன்.

பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் இல்லை, சேசிஸ். எஞ்சினை இறக்கிச் சரிசெய்யலாம், தேவைப்பட்டால் வேறொன்றே மாட்டலாம். சேசிஸ் துருவில் போனால் வண்டியே போன மாதிரி. அந்தத் துரு பெரும்பாலும் வெளியே ஆரம்பிப்பதும் இல்லை. சேசிஸின் நீளவாட்டுச் சட்டங்கள் உள்ளே கூடாக, பெட்டி போல இருக்கும். சேறும் தண்ணீரும் ஓட்டைகள் வழியாக உள்ளே போய்த் தங்கி, அங்கிருந்து இரும்பைத் தின்றுகொண்டு வரும். மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். சின்னச் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு ‘டிங்’ என்று கணீரென ஒலித்தது. பின்பக்கப் பட்டையின் ஷாக்கிள் மாட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ‘டப்’ என்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். முனை உள்ளே போய்விட்டது. உள்ளங்கை அளவு இடம்தான். வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணிவிடலாம் என்று தெரிந்தது. அதைக் காட்டியே விலையைக் குறைத்து வாங்கினேன்.

1,62,900 கி.மீ.

வாங்கியவுடன் எல்லா ஆயிலையும் மாற்றினேன். இந்த வண்டிக்கும் சாதாரணக் காருக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் உடம்புக்கு உறைத்தது. காரில் எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் என்று இரண்டோடு முடியும். இதில் எஞ்சின், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல் (வளைவில் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) என்று ஐந்து. என் வண்டியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குகிறது. அதனால் இழுப்பைக் கடத்தும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மூன்று, அவற்றின் மூட்டுகளில் கிராஸ் ஆறு, ஒவ்வொன்றிலும் ஒரு கிரீஸ் நிப்பிள். ஆயில் சீல்களை எண்ணவே ஒரு சாயங்காலம் ஆனது. நாலு சக்கரமும் இழுக்கும் என்ற சுகத்துக்கு விலை இதுதான்: ஒழுகக்கூடிய, தேயக்கூடிய இடங்கள் எல்லாம் இரண்டு மடங்கு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்க முடியாது என்று அன்றே ஒரு நல்ல கிரீஸ் கன் வாங்கினேன்.

முன் டிஃபரென்ஷியலின் அடித்திருகைக் கழற்றியபோது வந்தது ஆயில் நிறத்திலேயே இல்லை. வெளுத்துப் போய், சாம்பல் கலந்த பால் மாதிரி மந்தமாக வழிந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. எப்படிப் போயிருக்கும் என்று யோசித்ததில் ஒரு நல்ல விஷயம் புரிந்தது. ஓடி ஓடி ஆக்சில் சூடாக இருக்கும்போது உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் காற்று சட்டெனச் சுருங்கி உறிஞ்சும். ஆக்சில் மேலே மூச்சு விடுவதற்கென்று பிரீதர் என்ற சின்னக் குமிழ் இருக்கிறது. அது தண்ணீருக்குள் இருந்தாலோ, சேற்றால் அடைத்திருந்தாலோ, உறிஞ்சல் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். என் வண்டியில் பிரீதர் சேற்றில் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. கழற்றி, இரண்டு ஆக்சிலுக்கும் ரப்பர் குழாய் மாட்டி, எஞ்சின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோய்க் கட்டினேன். ஆயிலை ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி, மூன்றாவது தடவைதான் தெளிந்த ஆயில் வந்தது. பழைய ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கும் யாரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இந்தக் குழாய்தான் என்பேன். அரை மணி நேரம் போதும்.

1,64,700 கி.மீ.

இது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. நாலு சக்கரமும் இழுக்கும் 4Hல் லீவரைப் போட்டால் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. மண்ணிலோ சேற்றிலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை; வித்தியாசம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் கியரிலும் முறுக்காக ஏறிக்கொள்ளும்.

மண்பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறியதும் லீவரை மாற்ற மறந்து இரண்டு திருப்பம் திரும்பிவிட்டேன். ஸ்டீயரிங் கனத்தது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி தயங்கியது. நிறுத்தி லீவரை இழுத்தால் அசையவில்லை. பலம் போட்டு இழுக்கத் தோன்றும், போடக் கூடாது. ரிவர்ஸில் போட்டு நேராக மூன்று மீட்டர் பின்னால் நகர்த்தினேன். அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், முறுக்கு விட்டது, லீவர் விரலாலேயே, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 2Hக்கு வந்தது. அதிலிருந்து தார் ரோட்டைத் தொட்டதும் கை தானாக லீவருக்குப் போகிறது.

சக்கர மையத்தில் இருக்கும் ஹப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையால் திருகி ‘லாக்’, ‘ஃப்ரீ’ என்று மாற்றுகிற பழைய வகை. ஃப்ரீயில் வைத்தால் முன் ஆக்சிலும் ஷாஃப்ட்டும் சும்மா சுற்றாது, தேய்மானம் குறையும். ஆனால் மாதக்கணக்கில் ஃப்ரீயிலேயே விட்டால் முன் டிஃபரென்ஷியலில் ஆயில் மேலே ஏறாமல் சீல்கள் காய்ந்துபோகும். மாதம் ஒருமுறை மண்பாதையில் ஹப்பை லாக் செய்து, 4Hல் சில கிலோமீட்டர் ஓட்டுகிறேன்.

1,66,200 கி.மீ.

இந்த வண்டியில் நான் பயந்த ஒரே நாள். 65 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் விழுந்து எழுந்ததும் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதற ஆரம்பித்தது. கையால் பிடித்து நிறுத்த முடியவில்லை. வேகத்தை 30க்குக் கீழே இறக்கிய பிறகுதான் அடங்கியது. கட்டி ஆக்சில் முன்னால் இருக்கும் பழைய வண்டிகளில் இது தெரிந்த வியாதி.

நான் முதலில் செய்தது தப்பு. ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் மாற்றினேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி வந்தது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “டேம்பர் ஆட்டத்தைப் பிடிச்சு வைக்கும் தம்பி, காரணத்தை எடுக்காது. ஜாக்கி போடு” என்றார். முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். லேசாக ‘டொக், டொக்’. வீல் பேரிங் இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்புகிற பாகம் நக்கிள்; அது திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங். கழற்றிக் கையில் வைத்தபோது, வண்டி நேராகப் போகையில் ரோலர்கள் உட்கார்ந்திருக்கும் இடங்களில் மட்டும் ரேஸ் என்ற வளையத்தில் வரிசையாகப் பள்ளம். அந்த நேர்நிலையில் பிடிப்பே இல்லாமல் போய்விட்டது, உதறலும் அங்கேதான் பிறந்திருக்கிறது.

புது பேரிங் போட்டோம். பிறகு சக்கரம் இல்லாமல், டை ராட் மாட்டாமல், நக்கிளின் கையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்துப் பார்த்தோம். நக்கிள் அசையத் தொடங்குகிற எடைதான் பேரிங்கின் இறுக்கம். தளர்வாக இருந்தால் கிங்பின்னுக்கு அடியில் இருக்கும் ஷிம் தகட்டில் ஒன்றைக் குறைக்க வேண்டும். மூன்று தடவை கழற்றி மாட்டியதில் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வந்தது. டயர் நான்கையும் பேலன்ஸ் செய்தேன். உதறல் அதன் பிறகு வரவே இல்லை.

அந்த வேலையில்தான் பழைய வண்டியின் பெரிய நன்மையையும் பார்த்தேன். பேரிங்குக்கும் சீலுக்கும் வண்டி கம்பெனியின் பார்ட் நம்பர் தேவையே இல்லை. பேரிங்கில் 6205 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ.; உலகத்தில் யார் செய்தாலும் அதே அளவு. ஆயில் சீலிலும் மூன்று அளவும் அச்சிட்டிருக்கும். கிடைக்காதவை வேறு: ஜன்னல் ரப்பர், டேஷ்போர்டு சுவிட்ச், கதவுக் கைப்பிடிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு. எஞ்சினைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படவில்லை, ஒரு சுவிட்சுக்காக நான்கு மாதம் தேடினேன்.

1,69,000 கி.மீ.

மழை பெய்து ஓய்ந்த களிமண் சரிவு. ஏறிவிட்டேன், இறங்க வேண்டும். பிரேக்கைத் தொட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். நிறுத்தி, 4Lக்கு (நாலு சக்கரமும் இழுக்கும், வேகம் குறைந்த லோ ரேஞ்ச்) மாற்றி, முதல் கியரில் போட்டு, இரண்டு பெடலிலிருந்தும் காலை எடுத்தேன். எஞ்சினே பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், சீராக இறக்கியது. இந்த வண்டியை வாங்கியதற்கு எனக்குக் கிடைத்த பதில் அந்த ஒன்றரை நிமிஷம்.

நாலு சக்கரமும் இழுப்பதைவிட லோ ரேஞ்ச்தான் இந்த வண்டிகளின் உயிர் என்று நினைக்கிறேன். என் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஹை விகிதம் 1.41, லோ விகிதம் 2.27. அதே முதல் கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 1.6 மடங்கு, வேகம் அதே அளவுக்குக் குறைவு. 1941ல் வந்த வில்லிஸ் ஜீப்பிலேயே இந்த லோ ரேஞ்ச் இருந்தது. 1970ல் சுஸூகி வெளியிட்ட முதல் ஜிம்னி வெறும் 359 சிசி எஞ்சினோடு மலை ஏறியதற்கும் காரணம் எடை குறைவும் இந்த விகிதமும்தான்.

இருந்தாலும் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிஃபரென்ஷியலில் லாக் இல்லாவிட்டால், குறுக்குப் பள்ளத்தில் முன்பக்கம் ஒரு சக்கரமும் பின்பக்கம் எதிர்ச் சக்கரமும் தூக்கிக்கொண்டதும் அந்த இரண்டு மட்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது. மணலில் எனக்கு அதிகம் உதவியது காற்றை இறக்கியதுதான். 28 பிஎஸ்ஐயிலிருந்து 16க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து மணல்மேல் மிதக்கிறது. திரும்பி ரோட்டுக்கு வருவதற்கு முன் காற்றடிக்கும் பம்ப் கையில் இருக்க வேண்டும்.

1,71,900 கி.மீ., இன்று

லிட்டருக்கு 9, மிஞ்சினால் 10 கி.மீ. பெட்டி மாதிரி உருவம், பெரிய டயர், குறைந்த கியர் விகிதம். இதற்கு மேல் தராது. 80க்கு மேலே சத்தத்தில் பேச முடியாது. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. உயரத்தால் கவிழும் வாய்ப்பும் காரைவிட அதிகம். ஃபோர் வீல் இருப்பதால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். அது கிளம்ப உதவும், நிற்க உதவாது. குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் நீண்ட பயணத்துக்கு இதை எடுப்பதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். அதனால் இதையே ஒற்றை வண்டியாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களை நான் தடுப்பேன். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேறு வழி இருந்தால்தான், ஞாயிற்றுக்கிழமை நக்கிளைக் கழற்றும்போது கை பதறாது.

அடுத்த வேலை, வலது முன் நக்கிள். சீலில் ஆயில் கசிந்து நக்கிளின் உருண்டையெல்லாம் பிசுக்கு. ஹப்பை லாக் செய்து ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது சன்னமாக ‘டிக், டிக்’ என்றும் கேட்கிறது. சீல் செட் வந்துவிட்டது. கழற்றும்போது, திரும்பிய சக்கரத்துக்கும் சுழற்சியைக் கடத்தும் மூட்டான சிவி ஜாயின்ட்டையும் வெளியே எடுத்து, கழுவி, வெளிச்சத்தில் பார்க்கப் போகிறேன்.