கிலோவில் வாங்கும் பழம் எத்தனை கப் வரும்?

களுவாஞ்சிகுடிச் சந்தையில் பப்பாசியும் வாழைப்பழமும் கிலோக் கணக்கில்தான் விற்கும். நான் செய்து பார்க்கும் ஜாம், கேக் குறிப்புகளில் இருப்பதோ கப் அளவு. மூன்று கப் அன்னாசித் துண்டுக்கு எவ்வளவு பழம் வாங்க வேண்டும்? இதற்கு ஒரு நம்பகமான விடை வேண்டும் என்றுதான் தராசை எடுத்து வைத்தேன்.

முதலில் எந்தக் கப் என்று பார்க்க வேண்டும். மெல்பேர்னில் இருக்கும் மச்சாளிடம் அவர் அனுப்பிய வாழைப்பழக் கேக் குறிப்பைப் பற்றிக் கேட்டேன். "இஞ்ச கப் எண்டா 250 மில்லி, மச்சாள்" என்றார். அமெரிக்கக் குறிப்புகளில் ஏறக்குறைய 240 மில்லி. ஒரு கப்பில் இது பெரிய வித்தியாசம் இல்லை. நான் 240ஐ எடுத்துக்கொண்டேன். அந்தக் கப்போடு ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணை இருக்கிறது. கப் சரியா என்று அறிய, விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி நிறுத்தால் போதும். தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 240 கிராம் காட்ட வேண்டும். வீட்டுத் தேநீர்க் கப் இதற்கு உதவாது.

வாழைப்பழம்தான் எனக்கு விஷயத்தைத் தெளிவாக்கியது. வட்டமாக நறுக்கிப் போட்டால் அட்டவணைப்படி ஒரு கப் 150 கிராம். மசித்து நிரப்பினால் 225. அதே கப், அதே பழம். ஒன்றரை மடங்கு வித்தியாசம். நறுக்கிய துண்டுகளுக்கு இடையில் இருக்கும் காற்றையும் நாம் சேர்த்து அளக்கிறோம். கப்பைப் பக்கவாட்டில் தட்டினால் துண்டுகள் சரிந்து இறங்கி, மேலே இன்னும் நாலைந்து வட்டம் போட இடம் வந்துவிடுகிறது. அதனால் நறுக்கியதா மசித்ததா என்று சொல்லாமல் "ஒரு கப் வாழைப்பழம்" என்று எழுதும் குறிப்பை நான் இப்போது அரைக்குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்னாசித் துண்டு ஒரு கப் 165 கிராம். ஆனால் தோல், கண், கொண்டை, நடுத்தண்டு எல்லாம் போனால் பழத்தில் பாதி எடைதான் மிஞ்சும். ஆக ஒரு கிலோ முழு அன்னாசிக்கு ஏறக்குறைய மூன்று கப். பொடியாக அரிந்து சாற்றோடு அள்ளினால் கப் இன்னும் கனக்கும், அதனால் சாற்றை வடித்துவிட்டு அளப்பது நல்லது. பப்பாசி பெரிய துண்டாக இருந்தால் 145 கிராம். சீனி ஒரு கப் 200 கிராம்.

விளாம்பழத்துக்கு வந்தபோது கப்பை விட்டுவிட்டேன். ஓட்டை உடைத்துச் சதையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, விதையும் நாரும் போக அரித்தெடுக்கிறோம். எவ்வளவு தண்ணீர் விட்டோமோ அதற்கேற்ப கூழின் அளவும் மாறும். இதற்குக் கப் கணக்கு எழுதி வைப்பதில் பயனில்லை. சதையைத் தண்ணீர் விடுமுன்னே நிறுத்து, சீனியையும் அதற்கேற்ப நிறுத்துப் போட்டால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே பதத்தில் ஜாம் வருகிறது. உண்மையில் எந்த ஜாமுக்கும் இதுவே நல்ல வழி என்பது என் எண்ணம். கேக்குக்குக் கப் அளவு போதும்.

இப்போது கொப்பியில் பழத்தின் பெயரோடு வெட்டிய விதத்தையும் சேர்த்து எழுதுகிறேன்: "அன்னாசி, சிறு துண்டு, சாறு வடித்தது, 1 கப், 165 கிராம்." அடுத்தது மாம்பழம். துண்டுக்கு அட்டவணையில் அதுவும் 165தான். கொட்டையும் தோலும் எவ்வளவு போகும் என்பதை இனத்துக்கு இனம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.