வாதுக்குள் காளான் தோட்டம்

தேயிலைக் கொழுந்து எடுக்கையில் வாது, அதாவது செடியின் கிளை, ஒடிந்தால் ஏச்சு விழுவது எடுத்தவர் மேல்தான். ஏசுவதற்கு முன் ஒடிந்த முனையைப் பார்க்க வேண்டும். நார் நாராகப் பிய்ந்திருந்தால் கைப்பிசகாக இருக்கலாம். குறுக்கே நேராக முறிந்து, உள்ளே வளையமாகக் கறுத்திருந்தால் அது துளைவண்டு செய்த வேலை. இலங்கையில் கண்டி, நாவலப்பிட்டி, பதுளைப் பக்கத்து மலைகளில் இதை அதிகம் காணலாம். குளிர் கூடிய உயரங்களில் குறைவு.

பெண் வண்டு சுமார் 2 மில்லிமீற்றர் நீளம், கறுப்பு. பென்சில் பருமன் வந்த வாதில் துளையிட்டு, வட்டமாகச் சுற்றிக் குடைந்து, பிறகு நீளவாக்கில் போகும். அந்த வட்டத்தில்தான் வாது ஒடிகிறது. ஆனால் வண்டு மரத்தைத் தின்பதில்லை. வாய்ப் பக்கத்துப் பைகளில் கொண்டுவந்த பூஞ்சண (காளான் இன) வித்துகளைக் குடைவின் சுவரில் விதைக்கிறது. தாயும் புழுக்களும் உண்பது அந்த விளைச்சலைத்தான். அமெரிக்கக் கண்டங்களின் இலைவெட்டி எறும்புகளும் இப்படித்தான். வெட்டிய இலையை மென்று பூஞ்சணத்துக்கு உரமாக்கும். புதுக் கூடு வைக்கப் பறக்கும் ராணி, தாய்க்கூட்டின் பூஞ்சணத்தில் ஓர் உருண்டையை வாய்க்குள் அடக்கிச் செல்லும். இரண்டு பூச்சியும் விதை கையில் இல்லாமல் வீடு கட்டுவதில்லை. எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்காத விஷயம் இது.

வண்டின் பூஞ்சணத் தோட்டம் மரத்துக்குள் இருப்பதால் வெளியே அடிக்கும் மருந்து அதை எட்டுவது கடினம். நம் கையில் இருப்பது கவ்வாத்தும் (செடியை வெட்டி இறக்குவது) உரமும். கவ்வாத்தில் துளைக்கு மேலே வெட்டி விட்டால் மழைத்தண்ணீர் குடைவில் இறங்கி வாது உளுத்துப்போகும். நல்ல மரம் தெரியும்வரை இறக்கி, சரிவாக வெட்ட வேண்டும். நாள் கணக்கு முடிக்கும் அவசரத்தில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கவ்வாத்து முடிந்த இரண்டாம் வருடம் புது வாதுகள் தக்க பருமனுக்கு வரும்போது தாக்குதல் கூடும். அப்போது உரம் பிந்தக்கூடாது. ஊட்டமான செடி துளையின் மேல் புது மரம் வளர்த்து மூடிக்கொள்ளும், வாதும் தடித்து நிற்கும். உரம் கிடைக்காத செடியில் துளை திறந்தபடியே இருக்கும்.

கவ்வாத்தில் வெட்டி விழும் வாதுகள்தான் மிலாறு. மெல்லிய மிலாறும் இலையும் மண்ணுக்குத் தேவை, அவை செடி நிரையிலேயே கிடக்கட்டும். துளை விழுந்த தடித்த மிலாறைத் தனியே பிரித்து அன்றே வெளியேற்ற வேண்டும். ஈரம் உள்ளவரை உள்ளே பூஞ்சணம் இருக்கும், வண்டும் வெளிவரும். அதை லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதும் மலையில் விட்டு வருவதும் ஒன்றுதான். அடுப்புக்கு முதலில் போக வேண்டியது அந்தக் கட்டு.