வாந்திக்கு ஒண்டான்செட்ரான்: லேபிளில் இல்லாத மருந்துச்சீட்டு

வயிற்றுப்போக்கோடு வாந்தியும் எடுக்கும் குழந்தைக்கு ஓ.பி.யில் ஒண்டான்செட்ரான் எழுதுவது இன்று சர்வசாதாரணம். ஆனால் இந்த மருந்து முதலில் அனுமதி பெற்றது கீமோதெரபி, அறுவை சிகிச்சை இவற்றால் வரும் வாந்திக்குத்தான். வயிற்றுத் தொற்றுக்குக் கொடுப்பது அமெரிக்காவில் இன்னும் 'ஆஃப் லேபிள்', அதாவது அனுமதி பெற்ற பயன்களில் இல்லாதது. தவறு என்று அர்த்தமில்லை. ஒரே டோஸில் ட்ரிப்ஸ் தேவை குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கணக்கு வயதுக்கு இல்லை, எடைக்கு. கிலோவுக்கு 0.15 மி.கி. சிரப் பெரும்பாலும் 5 மி.லி.க்கு 2 மி.கி. ஆக, 10 கிலோ குழந்தைக்கு 1.5 மி.கி., அதாவது 3.75 மி.லி. சீட்டில் மி.கி. மட்டும் இருந்தால் வீட்டில் அது 1.5 மி.லி. ஆகிவிடும். 'ஒரு ஸ்பூன்' என்று எழுதினால் கேட்கவே வேண்டாம், எந்த ஸ்பூன்? மி.லி.யில் எழுதி, சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பதே நல்லது.

மருந்து கொடுத்துக் கால் மணி, அரை மணி கழித்து ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்), ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை 5 மி.லி. ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் ரத்தத்தில் உப்பு ஏறி ஆபத்து.

டோஸைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பேதி கூடலாம். பிறவியிலேயே க்யூ.டி. (ஈ.சி.ஜி.யில் தெரியும் ஓர் இதயத்துடிப்பு இடைவெளி) நீண்டிருக்கும் குழந்தைக்குக் கூடவே கூடாது. பச்சையாக வாந்தி எடுத்தால் சிரப்பைத் தேடாதீர்கள். குடல் அடைப்பாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.