நுவரெலியா: பழைய கட்டடங்களும் ஒரு தபால் கந்தோரும்

நானுஓயா ரயில் நிலையத்தில் இறங்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வாசலில் சூழ்ந்துகொள்கிற ஓட்டோக்காரர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள். வெளியே வந்து நுவரெலியா பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்து அதில் ஏறிவிடுங்கள். டவுனுக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவுதான் தூரம். அதற்கு எங்களிடம் 3,000 ரூபா கேட்டார்கள்.

என் மச்சாளுக்குப் பேரம் பேசுவது கைவந்த கலை. "அண்ணா, நாங்கள் மன்னாரிலிருந்து வருகிறோம், லண்டனிலிருந்து வரவில்லை" என்று சொல்லிப் பார்த்தாள். "பெட்ரோல் விக்கிற விலைக்கு வேற என்ன செய்றது தங்கச்சி" என்றார் அவர். பெட்ரோல் விலை எங்களுக்கும் தெரியும். எட்டுக் கிலோமீற்றருக்கு எவ்வளவு பெட்ரோல் போகும் என்பதும் தெரியும். 2,000 வரை இறங்கினார், அதற்குக் கீழே வரவேயில்லை. கோபத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம். ஆளுக்கு நூறு ரூபாகூட ஆகவில்லை. நின்றுகொண்டுதான் போனோம், லீக்ஸ் மூட்டை ஒன்று காலை இடித்துக்கொண்டே வந்தது. பரவாயில்லை.

இந்த எட்டுக் கிலோமீற்றருக்கும் ஒரு கதை உண்டு. கண்டிப் பக்கமிருந்து வந்த ரயில் பாதை 1885-இல் நானுஓயாவை எட்டியது. நுவரெலியா அதைவிட உயரத்தில், 1,868 மீற்றரில் இருப்பதால் பெரிய ரயில் டவுனுக்குள் வரவேயில்லை. அப்புறம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரைக்கும் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். தேயிலைப் பெட்டிகளும் பயணிகளும் அதில் போய்வந்தார்கள். லொறியும் பஸ்ஸும் வந்த பிறகு வருமானம் இல்லை என்று 1940 அளவில் மூடிவிட்டார்கள். அந்தக் குட்டி ரயில் இன்றும் ஓடினால் ஓட்டோக்காரர் 3,000 கேட்பாரா? எனக்கு இதை நினைக்க நினைக்க ஆற்றாமைதான்.

சரி, நாங்கள் போனது பழைய கட்டடங்களைப் பார்க்க. கிரகரி ஏரியில் படகு ஓட்டுவது, ஸ்ட்ரோபெரித் தோட்டத்தில் படம் எடுப்பது எல்லாம் வேறு ஆட்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் எழுதவில்லை.

நுவரெலியாவை எல்லோரும் 'குட்டி இங்கிலாந்து' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. 1819-இல் ஜோன் டேவி என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்துபோனதையும், பிறகு ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இதைக் குளிர்வாசஸ்தலம் ஆக்கியதையும் எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் சொல்கின்றன. பார்ன்ஸ் தனக்கென்று கட்டிய மாளிகைதான் பின்னாளில் பெருகிப் பெருகி கிராண்ட் ஹோட்டல் ஆனது. வெளியிலிருந்து பார்க்கவே அழகு. நீண்ட முகப்பு, கருமரச் சட்டங்கள், வெட்டிவிட்ட புல்வெளி. தோட்டத்து ஓரமாக நடந்து பார்த்துவிட்டு வந்தோம். உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிக்க எங்கள் கணக்குப் புத்தகம் இடம் தரவில்லை.

ஆனால் ஆளுநர்களின் பெயர் இருக்கிற அளவுக்கு இந்த ஊரைத் தூக்கி நிறுத்திய ஆட்களின் பெயர் எங்கேயும் இல்லை. தென்னிந்தியாவிலிருந்து கூலிவேலைக்கு வந்து எங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தவர்கள் அவர்கள். முதலில் கோப்பிக்கு வந்தார்கள். 1869-இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கிய பிறகு தேயிலைக்கு. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். மன்னாரில் பிறந்தவள் என்பதால் எனக்கு அந்தப் பாதை பற்றிச் சின்ன வயதிலேயே தெரியும். அது எங்கே போய் முடிந்தது என்பதை இங்கே வந்துதான் கண்ணால் பார்த்தேன். அவர்கள் நட்ட கோப்பி, தேயிலைக் காசில்தான் இந்த ஊரின் கோபுரமும் கிளப்பும் குதிரைப் பந்தயத் திடலும் எழுந்தன.

இந்த ஊரில் ஒரே ஒரு கட்டடம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் தபால் நிலையத்துக்குப் போங்கள். கட்டணம் கிடையாது. உடுப்புக்குக் கட்டுப்பாடு இல்லை, வாசலில் யாரும் மறிப்பதில்லை. 1894-இல் கட்டியது. சிவப்புச் செங்கல், இரண்டு மாடி, வெள்ளைச் சட்டம் போட்ட ஜன்னல்கள், மேலே கூரான மணிக்கூட்டுக் கோபுரம். மழை நின்ற கையோடு போனோம். நனைந்த செங்கல் இரத்தச் சிவப்பாக இருந்தது. முன்னால் நின்று படம் எடுக்கிறவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள், ஆனால் பாதிப் பேர் உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளே போங்கள். அங்கே இன்றும் முத்திரை விற்கிறார்கள், பார்சல் நிறுக்கிறார்கள், வேலை நடக்கிறது. இதனால்தான் எனக்கு இந்தக் கட்டடத்தின் மேல் இவ்வளவு பிரியம்.

2023-இல் இதை ஹோட்டல் ஆக்குவதற்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது நினைவிருக்கும். அந்த வருஷம் நவம்பரில் தபால் ஊழியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் செய்ததுதான் சரி. இன்னொரு ஹோட்டல் வந்தால் என்னைப் போன்றவர்கள் அதையும் ரோட்டில் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பவேண்டும்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றார். பச்சை ஸ்வெட்டர், தலையில் துண்டு, கையில் பழுப்புக் காகிதம் சுற்றி நூல் கட்டிய பார்சல். கொழும்பில் கடை ஒன்றில் வேலை செய்கிற மகளுக்கு அனுப்புகிறாராம். "பேரன் எழுதுனான், சரியா இருக்கான்னு கொஞ்சம் பாரும்மா" என்று என்னிடம் நீட்டினார். நீலப் பேனாவில் முத்து முத்தான எழுத்து. பெறுநர் பக்கத்தில் வீட்டு இலக்கம், ஒழுங்கை, வீதி, கொழும்பு என்று நான்கு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அனுப்புநர் பக்கத்தில் அவர் பெயர், டிவிஷன் பெயர், தோட்டத்தின் பெயர், நுவரெலியா. இலக்கம் எதுவும் இல்லை.

"வீட்டு நம்பர் போடவில்லையே அம்மா" என்று மச்சாள் கேட்டாள்.

"லயத்துக்கு ஏதும்மா நம்பரு? எல்லாக் கடுதாசியும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அவுங்க குடுக்கிறப்ப குடுப்பாங்க" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள். போன வருஷம் பேங்க் அனுப்பிய கடிதம் ஒன்று, அதே பெயருள்ள வேறு ஒருவர் கைக்குப் போய், நாள் கடந்த பிறகு இவரிடம் வந்து சேர்ந்ததாம். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் வந்தது.

நாட்டிலேயே அழகான தபால் நிலையம் எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் காட்டுவார்கள். அதைச் சுற்றியிருக்கிற மலைகளில் வாழ்கிறவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தனி முகவரி கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு தப்பால்காரர் இருந்தார். தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்து வந்து, துரை பங்களாவுக்கு வந்த கடிதங்களை வாங்கிக்கொண்டு மறுபடி மலையேறுவார். துரைக்குக் கடிதம் கையில் வந்து சேர்ந்தது. லயத்துக்கு வந்தது ஆபீசில் கிடந்தது. துரைமார் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அந்த ஏற்பாடு மட்டும் பல தோட்டங்களில் அப்படியே நிற்கிறது. மலையகத் தமிழரிடம் 1948-இல் பறித்த குடியுரிமையைத் திருப்பிக் கொடுக்க 2003-இல்தான் முழுதாகச் சட்டம் வந்தது. வீட்டுக்கு ஓர் இலக்கம் கொடுக்க அவ்வளவு காலம் ஆகவேண்டுமா? இந்தத் தபால் நிலையத்துக்கு முன்னால் யாராவது வரலாற்றுப் பலகை வைத்தால் தப்பால்காரர்களுக்கு இரண்டு வரி கட்டாயம் ஒதுக்கவேண்டும்.

அந்த அம்மாவின் பார்சல் போன பிறகு நான் முத்திரை வாங்கி அம்மாவுக்கு ஒரு அட்டை போட்டேன்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் சின்னச் சைவக்கடை. பெயர்ப்பலகையைக்கூட நான் பார்க்கவில்லை, வாசனை இழுத்துக்கொண்டு போனது. தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டி, கட்டச்சம்பல், கூடவே லீக்ஸ் சுண்டல். ரொட்டியின் விளிம்பு கல்லில் கருகி மொறுமொறுவென்று இருந்தது, நடுப்பகுதி மெத்தென்று. கட்டச்சம்பலில் தேசிப்புளி தூக்கலாக இருந்தது. ஆவி பறக்கிற பிளேன்டீயை இஞ்சியோடு வாயில் ஊற்றினால் உறைப்பும் சூடும் சேர்ந்து காது வரைக்கும் ஏறுகிறது. வெளியே குளிரில் விறைத்துப்போய் வந்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொரு ரொட்டி, இன்னொரு ரொட்டி என்று மச்சாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைக்கார அண்ணன் சம்பலைக் கேட்காமலே அள்ளி வைத்தார். இரண்டு பேருக்கும் ஆயிரம் ரூபாகூட வரவில்லை. காலையில் ஓட்டோவுக்குக் கொடுக்காத காசு இங்கே இனித்தது.

லீக்ஸ், கரட் என்று நாம் 'நுவரெலியா மரக்கறி' என்பதெல்லாம் இங்கே வேர்பிடித்ததில் சாமுவேல் பேக்கருக்குப் பங்கு உண்டு. பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு பேர் வாங்கிய அதே பேக்கர்தான். 1848-இல் இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடு, விதை, கொல்லன் சகிதம் வந்து ஒரு பண்ணையே போட்டுப் பார்த்தார். சில வருஷத்தில் திரும்பிப் போய்விட்டார். மரக்கறி தங்கிவிட்டது. இன்று அந்தப் பாத்திகளில் குனிந்து நிற்கிறவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

தங்கிய இடம் பற்றி ஒரு வார்த்தை. சுடுதண்ணி உண்டு என்று சொல்லித்தான் அறைக்குக் காசு வாங்கினார்கள். இரவில் குழாயைத் திறந்தால் ஐஸ். கேட்டதற்கு "காலையில வரும்" என்றார்கள், காலையிலும் வரவில்லை. இந்த ஊரில் சுடுதண்ணி ஆடம்பரம் கிடையாது. காசு கொடுக்கும் முன் குழாயைத் திறந்து கையை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஏப்ரல் சீசனில் இதே அறைக்கு இரண்டு மடங்கு கேட்பார்களாம், அந்த மாதத்தில் வரவே வராதீர்கள்.

ஹில் கிளப்பை மாலையில் பார்த்தோம். 1876-இல் தோட்டத்துரைமார் தங்களுக்காகத் தொடங்கிய கிளப். 1960-களின் பிற்பகுதிவரை இலங்கையருக்கு அங்கே உறுப்புரிமை கிடையாது, பெண்களுக்குத் தனி வாசல். இப்போது தற்காலிக உறுப்பினராகி யாரும் போகலாம், இரவு உணவுக்கு ஆண்கள் கோட்டும் டையும் கட்டவேண்டும். கல் கட்டடம் கம்பீரம்தான். ஆனால் அந்த வாசல் கதை தெரிந்த பிறகு எனக்கு உள்ளே போக மனம் வரவில்லை.

ஹோலி டிரினிட்டி தேவாலயம் அமைதியான இடம். 1852-இல் கொழும்பின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் ஜேம்ஸ் சாப்மன் பிரதிஷ்டை செய்தது. பாசிபிடித்த கல்லறைகளுக்கு நடுவே நடக்கும்போது பார்த்து நடங்கள், வழுக்குகிறது.

கல்லறை என்றதும் மேஜர் ரோஜர்ஸ் கதையையும் சொல்லவேண்டும். கோல்ஃப் மைதானத்துப் பக்கமாக இருக்கிறது அவர் கல்லறை. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1,400-க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1845 யூன் மாதம் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். செத்த பிறகும் அவர் கல்லறையை மின்னல் விடவில்லை, அதனால்தான் கல் வெடித்திருக்கிறது என்று ஊரில் சொல்கிறார்கள். யானைகளின் சாபம் என்கிறார்கள். மின்னல் கதையை நம்புகிறீர்களோ இல்லையோ, அத்தனை யானைகளைக் கொன்றவரைப் பெரிய வேட்டைக்காரர் என்று கொண்டாடுவது எனக்குச் சம்மதமில்லை. அவர் நினைவாகப் பதுளையில் ஒரு தேவாலயமே கட்டினார்கள், புனித மாற்கு தேவாலயம், 1857. எங்கள் அடுத்த இடம் அதுதான்.

பதுளைக்கு ரயிலில் போனால் நானுஓயாவுக்குத் திரும்பி இறங்கவேண்டும், மறுபடி ஓட்டோக்காரர். நாங்கள் வெலிமடை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். சீதா எலிய அம்மன் கோயிலும் ஹக்கலைத் தோட்டமும் அந்த ரோட்டிலேயே வருகின்றன, இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம். ஆனால் காலையிலேயே கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் ஏறுகிறவர்களுக்கு வெலிமடை வரைக்கும் உட்கார இடம் கிடைப்பதில்லை.