பயிற்சிக் கருவிக்கு ஒரு வெளி ஸ்பீக்கர்

திறந்தவெளியில் தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைந்துவிடுவதால், பொத்தானை அழுத்தினால் ஒலி எழுப்பும் நாய்ப் பயிற்சிக்கான மின்னணுக் கருவியில் உள்ள சிறிய ஸ்பீக்கரின் ஓசை, தொலைவில் நிற்கும் நாய்க்குத் தெளிவாக எட்டுவதில்லை. கருவியில் 3.5 மி.மீ. ஆடியோ துளை இருந்தால், சொந்த பேட்டரியும் ஆம்ப்ளிஃபையரும் (ஒலியை வலுப்படுத்தும் சுற்று) கொண்ட மலிவான ஸ்பீக்கரைக் கேபிளால் இணைத்துவிடலாம். நான் விரும்புவது இதையே. ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஸ்பீக்கர் என்றால், அதன் ஓம் மதிப்பை, அதாவது மின்தடையின் அளவைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்: 8 ஓமுக்கு வடிவமைத்த கருவியில் 4 ஓம் ஸ்பீக்கரைப் பொருத்தினால், மின்னோட்டம் கூடி, உள்ளிருக்கும் சுற்று சூடேறிப் பழுதாகக்கூடும். புளூடூத்தை நான் தவிர்க்கிறேன்; பொத்தானை அழுத்திய பின் ஒலி சற்றே தாமதித்து வருவது, சரியான நொடியை நம்பிய பயிற்சியைக் குழப்பிவிடும். நாயின் செவி மிகக் கூர்மையானது. அதன் அருகில் வைத்து முழு ஒலியில் ஒருபோதும் சோதிக்காதீர்கள்.